மணல் குறித்த தேதி

மாதா துணை

இனயம்,
1935 ஜூன் 18, செவ்வாய்
(கொல்லம் ஆண்டு 1110, ஆனி 4)

என் அன்பு மகள் செசிலிக்குப் பெரியப்பா மரியான் எழுதுவது.

தேவமாதாவின் காவலில் நானும் உன் பெரியம்மா வியாகுலம்மாளும் சுகமாயிருக்கிறோம். என் இடது முழங்கால் வீக்கம் இம்மாதம் 11-ஆம் தேதி வடிந்துவிட்டது. திருவனந்தபுரத்து மழையில் உனக்கு அந்தப் பழைய இருமல் திரும்பியதா என்று எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. தேதி இடப்படாமல் கிடைத்தது. உறையின் மேலிருந்த அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, 13-ஆம் தேதி சேர்க்கப்பட்டது என்று நானே கண்டுகொள்ள வேண்டியதாயிற்று. குளச்சல் சவுக்கையில் முப்பத்தோராண்டு கப்பல் சரக்குக்குச் சுங்கம் எழுதியவனுடைய வீட்டில் நீ வளர்ந்தாய். தேதியில்லாத காகிதத்தை நாங்கள் அங்கே கையாலும் தொடமாட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. தேறியதும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதும் போதாமல், இரசாயன சாஸ்திரத்தில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யப் பெங்களூருக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாய். அது அக்டோபர் 31-க்குள் அங்கே சேரவேண்டும். எங்கள் சம்மதம் வேண்டும். இதை நான் வாசித்தபோது உன் பெரியம்மா சாளை கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

“இன்னும் படிப்பா? நான் டைட்டஸுக்க வீட்டுல ஆள்விட்டுப் பேசியாச்சு. இப்பம் பெங்களூருன்னு சொன்னா நான் ஆருக்க மொகத்துல முழிக்க?”

டைட்டஸை நீ அறிவாய். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஸ்டோர் உதவியாளன். பிறப்பு 1908 பெப்ருவரி. குடி கிடையாது, கையெழுத்து நன்று. உன்னைப் பெற்றவள் பிரசவத்தில் போனாள். உன் தகப்பன், என் தம்பி சிலுவைதாசன், 1917-இல் கடலில் வள்ளத்தோடு போனான். அன்றுமுதல் உன்னைத் தன் வயிற்றுப் பிள்ளையாக வளர்த்தவள் வியாகுலம்மாள். அவள் சொல்லைத் தாண்டி நான் ஒரு சொல் சொல்வது முறையாகாது.

ஆயினும் என் முடிவை இன்னும் எழுதவில்லை. அங்கே போய் எதைப் படிக்கப்போகிறாய் என்பது உன் கடிதத்திலிருந்து எனக்கு விளங்கவில்லை. விளங்கும்படி எழுது. தேதியிட்டு எழுது.

உன் நலத்தையே நாடும் பெரியப்பா,
மரியான்

* * *

திருவனந்தபுரம்,
1935 ஜூன் 25, செவ்வாய்

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்குச் செசிலி வணக்கத்துடன் எழுதுவது.

இருமல் இல்லை. முழங்காலுக்குத் தைலம் நிறுத்த வேண்டாம். தேதி விட்டது என் பிழை, இனி நேராது.

எதைப் படிக்கப்போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் தூக்கிப்போகும் காஸ் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு வெள்ளை மாண்டில் தொங்குமே, தொட்டால் உதிர்ந்துவிடும் என்று என்னைத் தொடவிடமாட்டீர்களே, அது தோரியம் என்னும் உலோகத்தின் சாம்பல். அந்தத் தோரியம் மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் மஞ்சள் மணிகளாகக் கிடக்கிறது. நீங்கள் குளச்சலில் சீட்டு எழுதிக் கப்பலேற்றிய மூட்டைகள் ஜெர்மனிக்குப் போயின. போனது மணல், திரும்பி நம் தேருக்கு முன்னால் வந்தது வெளிச்சம்.

சென்ற வருஷம் கல்லூரியில் அந்த மணலைக் கந்தகத் திராவகத்தில் வேகவைத்தோம். பனிக்கட்டி நீரில் கரைத்து, வடிகட்டி, தெளிந்த நீரில் ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்தேன். கண்ணாடிக்குள் பால் திரிந்தாற்போல் வெள்ளையாக ஒன்று மெல்ல இறங்கியது. மணி அடித்ததும் எல்லாரும் போய்விட்டார்கள்; நான் போகவில்லை. எங்கள் ஊர் மண்ணுக்குள் இது இருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். படிப்பு முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு முடியவில்லை என்பது அன்று தெரிந்தது.

அதனினும் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. அந்த மஞ்சள் மணிகள் இருட்டிலும் கதிர் விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் காகிதத்தை ஊடுருவிப் போகும். போட்டோத் தகட்டைக் கறுக்கச் செய்யும். நெருப்பு இல்லை, வெயில் இல்லை. உலகம் உண்டான நாளிலிருந்து அது யாரையும் கேளாமல் கதிர் விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் அதன்மேல் வலை காயப் போட்டிருக்கிறோம்.

விண்ணப்பத்தோடு, நானே கையால் செய்து கண்ட ஒன்றை எழுதி அனுப்பும்படி பெங்களூர்ப் பேராசிரியர் கேட்டிருக்கிறார். “பாடம் வேண்டாம். எதை, யார், எப்போது வைத்தார், எப்போது எடுத்தார் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது” என்பது அவர் வார்த்தை. என் விடுதியில் நான்கு பெண்களுக்கு ஓர் அலமாரி. ஒரு பெட்டியைப் பல வாரம் கலைக்காமல் விட்டுவைத்து, நாளைப் பிசகாமல் குறிக்கக்கூடிய ஒருவரைத்தான் நான் அறிவேன்.

கறுப்புக் காகிதத்தில் இரட்டையாகச் சுற்றிய இரண்டு தகடுகள் பார்சலில் வருகின்றன. காகிதத்தைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு தட்டையான பெட்டியில் வைத்து, அதன்மேல் ஒரு சாவியை வைத்து, ஒன்றில் மணவாளக்குறிச்சி மஞ்சள் மணலையும் மற்றதில் சாதாரண ஆற்று மணலையும் விரலளவு பரப்பி மூடிவிடுங்கள். இரும்பைக் கதிர் தாண்டாது. ஆகையால் மஞ்சள் மணல் பெட்டியில் சாவியின் நிழல் விழவேண்டும். ஆற்று மணல் பெட்டியில் ஒன்றும் விழக் கூடாது. செப்டம்பர் 23 அன்று எடுத்தால் போதும்.

பெரியம்மாவுக்கு என் முத்தம்.

தங்கள் அன்பு மகள்,
செசிலி

* * *

மாதா துணை

இனயம்,
1935 ஜூலை 9, செவ்வாய்
(கொல்லம் 1110, ஆனி 25)

அன்பு மகள் செசிலிக்கு.

இங்கு யாவரும் நலம். கடல் நலமில்லை, ஆனிக் காற்றில் ஒரு வாரமாக வள்ளம் இறங்கவில்லை.

உன் கடிதத்தை இதுவரை நான்கு முறை வாசித்தேன். நான் எழுதிய சரக்குச் சீட்டுகளில் ‘மணல்’ என்னும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன். தேங்காய் நாரில் ஒட்டிப்போன மணலைக் கண்டுதான் வெள்ளைக்காரன் தேடி வந்தான் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அதை நாட்டுப்புறக் கதையென்று தள்ளிவிட்டேன். நேற்று அந்த மணலைக் கையில் ஏந்தியபோது கை தானாகவே மெல்ல மூடிக்கொண்டது, குருவிக் குஞ்சை வைத்திருப்பவனைப் போல.

மணல் டைட்டஸ் கொண்டுவந்தது. ஆலையில் பிரித்தெடுத்த மஞ்சள் மணல், ஒரு சிறு பை. நீ கேட்டாய் என்று சொல்லியே வாங்கினேன். பையைக் கொடுக்கும்போது அவன் உன் பெரியம்மாவிடம் சொன்னான்: “மாமி, ஊருல பெண்ணு கேட்டுப் போனா காப்பி தருவாவ. இஞ்ச என்கிட்ட மண்ணு கேக்காவ.” அவள் சிரிக்கவில்லை. காப்பி கொடுத்தாள்.

ஆற்று மணல் தோவாளையிலிருந்து பூக்கூடைக்காரர் ஒருவர் மூலம் வந்தது. நேற்று, 1935 ஜூலை 8, திங்கட்கிழமை, நீ எழுதியபடியே இரண்டு பெட்டிகளும் அமைக்கப்பட்டன. மஞ்சள் மணல் பெட்டியில் என் பழைய சவுக்கை மேசையின் சாவி; ஆற்று மணல் பெட்டியில் தேங்காய்ப்புரைச் சாவி. வேறெதுவும் வைக்கப்படவில்லை. பெட்டிகள் வடக்கு அறையில் மாதா சுரூபத்தின் கீழ்ப் பலகையில் உள்ளன. எடுக்கும் தேதியை வீட்டிலுள்ளோர் மறவாதபடி தினமும் சொல்லிவருகிறேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். பெட்டி வேறு, சம்மதம் வேறு. பெட்டியை ஏற்றுக்கொண்டதால் சம்மதித்ததாகக் கருத வேண்டாம்.

மேலும், நான் டைட்டஸைப் பற்றி எழுதியதற்கு உன் கடிதத்தில் பதிலே இல்லை. மறந்துவிட்டாய் என்று நான் நம்பவில்லை. “பிள்ள ஒண்ணும் எழுதல்லியா?” என்று உன் பெரியம்மா இரண்டு முறை கேட்டாள். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முன் பதில் வேண்டும் என்கிறாள். அவர்கள் வீட்டுக்குச் சொல்லவேண்டுமாம்.

அன்புடன்,
மரியான்

* * *

திருவனந்தபுரம்,
1935 ஆகஸ்ட் 12, திங்கள்

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்.

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

இக்கடிதத்தை எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். டைட்டஸிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரை மணந்துகொள்ள என்னால் ஆகாது. இப்போது கல்யாணம் என்றால் அந்த வெள்ளைப் பொடி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றவளை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், அவள் வரமாட்டாள்.

விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். ஆனால் பெரியம்மா சரி என்று சொல்லாமல் அதை அஞ்சலில் சேர்க்கமாட்டேன். இது மிரட்டல் இல்லை பெரியம்மா. எனக்குச் சோறூட்டிய கை தடுத்தால் அந்தப் பக்கம் போய் என்னால் ஒன்றும் கற்க முடியாது. நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன். அதற்காக வருந்துவேன், ஆனால் உங்கள்மேல் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

உங்கள்,
செசிலி

* * *

மாதா துணை

இனயம்,
1935 ஆகஸ்ட் 17, சனி
(கொல்லம் 1111, ஆவணி 1)

அன்பு மகள் செசிலிக்கு.

இன்று கொல்லம் 1111 பிறந்தது. புதிய ஆண்டின் முதல் கடிதம் உனக்கே எழுதப்படுகிறது.

உன் கடிதம் 14 மாலை வந்தது. திருநாள் பூசை கழியட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்து, 15 வியாழக்கிழமை பூசை முடிந்து வந்தபின் உன் பெரியம்மாவுக்கு வாசித்தேன். கேட்டாள். எழுந்து வடக்கு அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். குளிரா என்று கேட்டேன், அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. திருநாள் சமையல் அப்படியே பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று.

நேற்று நான் வற்புறுத்தியபோது சொன்னது: “அவ எழுதினது எழுதினதுதான். எனக்கு ஒண்ணும் சொல்லக் கெடயாது.” இது சம்மதமா மறுப்பா என்று கேட்டேன். “கேட்டத எழுதும்” என்றாள். எழுதிவிட்டேன்.

என் கருத்து என்னவென்று நீ கேட்கவில்லை. ஆகையால் நானும் எழுதவில்லை.

பெட்டிகள் வைத்தபடியே உள்ளன. எவரும் தொடவில்லை.

மரியான்

* * *

மாதா துணை

இனயம்,
1935 செப்டம்பர் 24, செவ்வாய்
(கொல்லம் 1111, புரட்டாசி 8)

அன்பு மகள் செசிலிக்கு.

உன்னிடமிருந்து ஆறு வாரமாக ஒரு வரியும் இல்லை. உடல் நலந்தானா? நான் எழுதியதும் எழுதாததும் உன்னை வருத்தியிருக்கலாம். உன் பெரியம்மா வேலை செய்கிறாள், பூசைக்குப் போகிறாள், மீனுக்கு விலை பேசுகிறாள். உன் பெயர் வந்தால் மட்டும் அடுப்புக்குத் திரும்பிக்கொள்கிறாள். டைட்டஸ் வீட்டுக்கும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று, 23-ஆம் தேதி திங்கட்கிழமை, குறித்தபடி பெட்டிகளைத் திறந்தேன். மணலைச் சல்லடையிட்டு வெவ்வேறு பைகளில் கட்டினேன். இரு சாவிகளும் இருந்தன, வேறெதுவும் இல்லை. தகடுகளைக் காகிதம் பிரிக்காமல் பஞ்சில் பொதிந்து இத்துடன் அனுப்புகிறேன். நான் எழுதிய சான்றும் உள்ளே இருக்கிறது. “மேற்கண்ட பெட்டியில் சாவி ஒன்றைத் தவிர எப்பொருளும் எக்காலத்தும் வைக்கப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். விண்ணப்பம் போகுமோ போகாதோ, வேலை சுத்தமாக இருக்கட்டும்.

மரியான்

* * *

திருவனந்தபுரம்,
1935 அக்டோபர் 3, வியாழன்

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு.

நலமாயிருக்கிறேன். இதுவரை எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. எதை எழுதினாலும் பெரியம்மாவை நெருக்குவதாகிவிடும் என்று பயந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று மாலை கல்லூரி இருட்டறையில் தகடுகளைக் கழுவினேன். ஆற்று மணல் தகடு தெளிந்த கண்ணாடியாக வந்தது. அதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் மணல் தகட்டை மருந்து நீரில் விட்டதும் ஓரங்களிலிருந்து கருமை ஏறிவந்தது. அதன் நடுவில் வெள்ளையாக உங்கள் மேசைச் சாவி. பல் பல்லாக, வளையத்தில் உள்ள தேய்வு உட்பட. பெரியப்பா, நான் புத்தகத்தில் படித்ததுதான். ஆயினும் சிவப்பு விளக்கருகே குனிந்து அந்தப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். உங்கள் வடக்கு அறையில், யாரும் பாராத இருட்டில், நம் கரை மணல் தானே உட்கார்ந்து ஒரு படம் எழுதியிருக்கிறது.

பிறகு இன்னொன்று தெரிந்தது. சாவிக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை.

சின்னது, கழுத்தில் அணிவது. சாவியைப் போல வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறம். சாவி முழுக் காலமும் கதிரை மறைத்தது. சிலுவையும் உலோகந்தான், ஆனால் அப்படி மறைக்கவில்லை. கருமையின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தால், ஏறக்குறையப் பாதிக் காலம்தான் அது மணலுக்குள் இருந்திருக்கிறது. வைக்கும்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்கும்போதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நம்புகிறேன். அப்படியென்றால் அது நடுவில் வந்து, முடிவுக்கு முன் போயிருக்க வேண்டும்.

இது எப்படி என்று சொல்ல முடியாதவரை இந்தத் தகட்டை நான் யாருக்கும் அனுப்ப முடியாது. சிலுவையின் ஒரு கை நுனி சற்று வளைந்திருக்கிறது. ஐந்து வயதில் கதவிடுக்கில் வைத்து ஒரு சிலுவையை வளைத்தவள் நான், அடியும் வாங்கினேன். இதற்கு மேல் எழுதமாட்டேன். நான் ஊகிப்பது சாட்சியாகாது, செய்தவர் சொல்லவேண்டும்.

தகட்டின் அச்சுப் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கள்,
செசிலி

* * *

மாதா துணை

இனயம்,
1935 அக்டோபர் 8, செவ்வாய்
(கொல்லம் 1111, புரட்டாசி 22)

என் அன்பு மகள் செசிலிக்கு.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் செய்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைக் கண்டதும் எனக்கு வந்தது கோபம். முப்பத்தோராண்டில் என் கையெழுத்தின் கீழ் ஒரு மூட்டை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. பிறகு அச்சுப் பிரதியைப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பிரதியை மட்டும் ஜன்னலோரம் வைத்து உன் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். நீ கணக்கிட்ட காலத்தை அவளுக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பதே சவுக்கை வழக்கம்.

“இதென்ன பாரு” என்றேன்.

“சாவி. உமக்க மேசச் சாவி.”

“பக்கத்துல?”

குனிந்து பார்த்தாள். அவள் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே கயிற்றில் சிலுவை கிடந்தது. ஒரு கை வளைந்த பித்தளைச் சிலுவை. அதைத் தொட்டபடியே பிரதியைப் பார்த்தாள்.

“நான் இத எடுத்திட்டேனே” என்றாள். “நான்தான் திரும்ப எடுத்திட்டேனே. பின்ன எப்பிடி இதுல கெடக்கு?”

“எப்பம் வச்ச?”

“மாதா திருநாளன்னைக்கு. நீரு அவளுக்க கடுதாசிய வாசிச்சுப்போட்டு மூக்குக்கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு இருந்தீரு. அப்பம்.”

“எடுத்தது?”

“நீரு பெட்டியத் தொறக்கதுக்கு முந்தின நாளு. அந்தத் தேதியத்தான் வீடு முழுக்கச் சொல்லிக்கிட்டு நடந்தீரே.”

ஜூலை 8 முதல் செப்டம்பர் 23 வரையுள்ள காலத்தில் ஆகஸ்ட் 15 சரி பாதியில் விழுகிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அவள் வாயிலிருந்து வந்த தேதிகளும், ஊமை மணல் உனக்குச் சொன்ன காலமும் ஒன்று. மகளே, இத்தனை ஆண்டும் தேதி குறிப்பவன் நான் என்று நினைத்திருந்தேன்.

“இத்தன நாளும் உனக்க கழுத்துல சிலுவ இல்லாதத நான் காணல்லியே” என்றேன்.

“எப்பிடிக் காணுவீரு? எந்தக் கப்பலு எந்தத் தேதிக்கு வந்துதுன்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவீரு. பெண்டாட்டி வெறுங்கழுத்தா நடந்தது தெரியாது.”

ஏன் வைத்தாய் என்று கேட்டேன். முந்தானை நுனியால் பிரதியின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயி உண்டு. சரின்னு சொல்லதுக்கு வாயி வரல்ல. அவ போவான்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெறுங்கையா அனுப்ப முடியுமா? அவளுக்க பெட்டி அங்க இருந்துது. மண்ணுக்குள்ள அமுக்கி வச்சா மாதாவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போரும்னு நெனச்சேன். இந்த மண்ணு காட்டிக் குடுக்கும்னு கண்டேனா?”

உன் ஜூன் 25 கடிதத்தை நான் அவளுக்கு அப்போது முழுதும் வாசித்துக் காட்டவில்லை. சாஸ்திர விஷயம் அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எடுத்து வாசித்தேன். விளக்கு, மாண்டில், வெள்ளைப் பொடி, கதிர், எல்லாம். முடிந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மஞ்சள் மணல் பையைக் கொண்டுவந்து அவிழ்த்து, தொடாமல் பார்த்தாள்.

“இதுக்கு மேலயா நாம மீன ஒணக்கினோம்?” என்றாள். பையைத் திரும்பக் கட்டிக்கொண்டே: “இதப் படிக்கதுக்குத்தான் அவ போறாளா?”

“ஆமா.”

“இத முன்னமே எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா என்ன ஓய்? வாயத் தந்திருப்பேனே.”

பிறகு என் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். “நான் வச்சேன், நான் எடுத்தேன்னு எழுதும். எனக்க விரல வாங்கும். டைட்டஸுக்க வீட்டுல நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்.”

பழைய சான்றை ரத்து செய்து புதிய சான்று எழுதியிருக்கிறேன். சாவியை வைத்தவர் மரியான், நாள் ஜூலை 8. சிலுவையை வைத்தவர் வியாகுலம்மாள், நாள் ஆகஸ்ட் 15. எடுத்தவர் அவரே, நாள் செப்டம்பர் 22. கீழே என் கையெழுத்தும் அவளுடைய பெருவிரல் ரேகையும் உள்ளன. மை காயுமுன் அவள் அந்த ரேகையைக் குனிந்து பார்த்து, “இதும் ஒரு படந்தானே” என்றாள்.

இனி என் கருத்து. முன்தேதியிட்டு ஒரு காகிதமும் நான் எழுதியவனல்லன். சவுக்கையில் அதைக் களவென்றே சொல்வோம். இதை மட்டும் முன்தேதியிடுகிறேன். நீ பெங்களூருக்கு விண்ணப்பிக்க என் சம்மதம், 1935 ஜூன் 25 முதல் உள்ளதாகக் கொள்ளவும். உன் பெரியம்மாவின் சம்மதத்துக்குத் தேதி உன்னிடமே தகட்டில் இருக்கிறது.

அக்டோபர் 31-ஐ மறவாதே. பெங்களூருக்குத் தபால் போக நாள் பிடிக்கும். நலமாக இரு. நாங்கள் நலம்.

பெரியப்பா,
மரியான்

* * *

திருவனந்தபுரம்,
1935 நவம்பர் 30, சனி

என் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்.

நலம், நலம், நலம்.

என்னை எடுத்துக்கொண்டார்கள். 1936 ஜனவரி 6 திங்கட்கிழமை சேரவேண்டும். கிறிஸ்துமசுக்கு வந்து உங்களோடு இருந்துவிட்டுப் புறப்படுகிறேன்.

பேராசிரியரின் கடிதத்தில் ஒரு பத்தியை நீங்கள் கேட்கவேண்டும். “சாவியின் படத்தை எந்த மாணவரும் எடுக்கலாம். பாதி வழியில் வந்த அந்தச் சிலுவைதான் என்னை நிறுத்தியது. தகடு சொன்ன காலத்தை, அதை அறியாத ஒருவர் வாயால் சரிபார்த்திருக்கிறீர்கள். கைரேகையிட்ட அந்த இரண்டாம் சாட்சி யார்?” என்று கேட்கிறார்.

என் தாய் என்று பதில் எழுதினேன்.

பெரியம்மா, கறுத்த கண்ணாடியில் உங்கள் சிலுவை முதன்முதலாகத் தெரிந்தபோது நான் விஞ்ஞானத்தை மறந்துவிட்டேன். நீங்கள் பேசாதிருந்த அத்தனை நாளும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், மணல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே போய் நான் என்ன கண்டுபிடித்தாலும் இதைவிடப் பெரிதாக இராது.

உங்கள்,
செசிலி

* * *

மாதா துணை

இனயம்,
1936 ஜனவரி 20, திங்கள்
(கொல்லம் 1111, தை 7)

பெங்களூரிலிருக்கும் என் அன்பு மகள் செசிலிக்கு.

நீ 8-ஆம் தேதியிட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. கிழமையும் எழுதியிருந்தாய், மகிழ்ந்தேன். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் உடுத்திக்கொள்ளவும். என் முழங்கால் வழக்கம்போல. உன் பெரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தை வாசிக்கும்போது இப்போதெல்லாம் ஒரு வரியையும் விடக் கூடாது என்று எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். விளங்காத இடத்திலும் தலையசைக்கிறாள். விளங்கியதா என்று கேட்டால், “நீரு வாசியும்” என்கிறாள்.

டைட்டஸ் கடந்த வாரம் வந்தான். அவனுக்குத் தை முடிவில் லீமா என்ற பெண்ணோடு கல்யாணம். பத்திரிகையோடு ஒரு பை மஞ்சள் மணலும் கொண்டுவந்தான். “இந்த வீட்டுக்கு வெறுங்கையா வரப்பிடாதுன்னு எனக்குத் தெரியும்” என்றான். இம்முறை உன் பெரியம்மா சிரித்தாள்.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது நீ விட்டுப்போன ஒரு தகடு இருந்தது. அதை வைக்கலாமா என்று அவள்தான் கேட்டாள். நேற்று, 1936 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பின் பெட்டியை அமைத்தோம். ஏப்ரல் 12 உயிர்த்த ஞாயிறு. அதன் மறுநாள், 13 திங்கட்கிழமை, எடுத்து உனக்கு அனுப்பப்படும். காகிதம் பிரிக்கப்படமாட்டாது. அங்கே இருட்டறையில் நீயே கழுவிப் பார்.

உள்ளே எதை வைப்பது என்று கேட்டேன். “நீரு கொஞ்சம் வெளிய நில்லும்” என்றாள். நின்றேன். உள்ளிருந்து மணல் பரவும் ஓசை கேட்டது. பிறகு மூடி விழுந்தது.

இத்துடன் ஒரு சான்று வைத்திருக்கிறேன், வைத்த பொருள் இன்னதென்று அதில் எழுதப்படவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நாள் மட்டும் சரியாகக் குறித்திருக்கிறேன்.

உன் நலம் நாடும் பெரியப்பா,
மரியான்